மாடு வரட்டும்

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த காலத்தில் அந்த ஊரில் கிறுக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. வடக்குத் தெருவில் ஒருவர் ஆற்றில் குளிக்கும்போது குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் முங்குவார். தலைக்கு வைத்த எண்ணெயை வெயில் குடித்துவிடுமாம். இன்னொருவர் தோப்பிலிருந்த தென்னைகளுக்கெல்லாம் செத்துப்போன சொந்தக்காரர்களின் பெயரை வைத்து, காய்ப்பு குறைந்த மரத்தைப் பெயர் சொல்லித் திட்டுவார். அவர் தன் சித்தப்பாவைத் திட்டுகிற நாளில் அக்கம்பக்கத்தார் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். இவர்களையெல்லாம் ஊர் கொஞ்ச காலத்தில் மறந்துவிட்டது. மறக்கப்படாமல் நின்றவர் சிவசண்முகம் பிள்ளை ஒருவர்தான். அவர் தன் மனைவியோடு பதினான்கு பதினைந்து வருஷம் ஒரு பசுமாட்டின் மூலமாகக் குடித்தனம் நடத்தினார்.

கேட்டவுடன் சிரிப்பு வரும். ஊரும் சிரித்தது. ஆனால் முழுக்கதையும் தெரிந்தபிறகு சிரித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு வயல், ஒரு சின்னத் தென்னந்தோப்பு, வாய்க்கால்கரையை ஒட்டி ஒரு வீடு. கெட்ட மனுஷர் இல்லை. வாய் கொஞ்சம் நீளம், வீம்பு அதைவிட நீளம். மனைவி ஞானம்பாள் கடையத்துப் பெண். பேச்சு குறைவு, ரோசம் அதிகம். பிள்ளை குட்டி இல்லை. இருந்திருந்தால் மாட்டுக்கு அந்த வேலை வந்திருக்காது.

ரயில் வந்த புதிதில் ஊரே அதைப் பற்றித்தான் பேசிற்று. அதில் ஏறினால் ரத்தம் சுண்டிவிடும் என்றார்கள். வேகத்தில் ஈரல் இடம் மாறிவிடும் என்றார்கள். சிவசண்முகம் பிள்ளை இதையெல்லாம் கேட்டு எகத்தாளமாகச் சிரித்தார். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குத் திருநெல்வேலிக்கு ரயிலில்தான் போகப்போவதாகவும், கூடவே பெண்டாட்டியையும் கூட்டிப்போகப்போவதாகவும் பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தார். பக்கத்து வீட்டு ஐயம்பெருமாள் பிள்ளை, "நெசமாவே ஏறப் போறீராவே?" என்று கேட்டபோது, "ஏறாம பின்ன? அது என்ன புலியா சிங்கமா? இரும்புதானவே," என்றார்.

உண்மை என்னவென்றால், அவருக்கு அந்த இரும்பைக் கண்டாலே உயிர் போய்விடும். சொன்னதை இனி விழுங்கவும் முடியாது. புறப்படும் நாள் காலையில் வயிறு கலக்கி, வாய்க்கால்கரைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். கேட்டால் முந்தின நாள் தின்ற மொச்சை சேரவில்லை என்றார். வேட்டியைக் கட்டினால் முடிச்சு நிற்கவில்லை. இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்து ஞானம்பாள் அசைந்தே கொடுக்கவில்லை. தலையை வாரி முடிந்தாள், பிறகு அவிழ்த்து மறுபடியும் வாரினாள். பாதி வழி வந்தபிறகு கட்டுச்சோற்று மூட்டையை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லித் திரும்பிப் போனாள். பிள்ளை ரயிலடியில் போய் நின்றார். வண்டி வந்து ஊளையிட்டபோது, பெண்டாட்டி வருகிறாளா என்று பார்க்கிற சாக்கில் அதற்கு முதுகைக் காட்டி நின்றார். ஊர்க்காரர்கள் ஏறினார்கள், வழியனுப்ப வந்தவர்கள் கத்தினார்கள், வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஞானம்பாள் மூட்டையும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

வண்டி போனதும் பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா வரவில்லை, வாயோடு வந்தது. வழியனுப்ப வந்த கூட்டம் முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கு எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"ஒன்னயக் கெட்டுனதுக்கு ஒரு எருமையக் கெட்டியிருந்தா, வண்டிச் சத்தம் கேட்டாவது காலை எடுத்து வச்சிருக்கும்," என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானம்பாள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா இனிமே மாட்டுகிட்டயே பேசிக்கிடுங்க. நான் ஒங்ககிட்ட ஒரு சொல்லு பேசினா, பாவநாசத்து ஒலகம்மை என் நாக்கை எடுத்துக்கிடட்டும்."

அத்தோடு விட்டிருந்தால் அன்று சாயங்காலமே சரியாகிப் போயிருக்கும். பிள்ளையின் வீம்பு விடவில்லை. "நல்லதாப் போச்சு. நானும் ஒங்கிட்ட பேசினா அதே ஒலகம்மை என் நாக்கையும் எடுத்துக்கிடட்டும்," என்று அவரும் நாலு பேர் காது கேட்க ஆணையிட்டார்.

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவர்கள் எந்தப் பேச்சை மாற்றினாலும் மாற்றுவார்கள், பாபநாசத்து அம்மன் பேரில் வைத்த ஆணையை மாற்றமாட்டார்கள். இரண்டு பேருக்கும் வீடு போய்ச் சேருவதற்குள்ளேயே செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன செய்ய? ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பின்பக்கம் தொழுவில் போய் உட்கார்ந்தார். அங்கே செவலை என்று ஒரு கிடாரிக் கன்று கட்டிக் கிடந்தது. பசி பொறுக்கவில்லை. பெண்டாட்டி சொன்ன யோசனையையே எடுத்துக்கொண்டார்.

"ஏட்டி செவலை, எனக்குப் பசிக்குது. சோறு உண்டான்னு கேளு," என்றார், உள்ளே கேட்கிற மாதிரி.

 ஞானம்பாள் தொழு வாசலில் வந்து நின்று, கன்றின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "செவலை, மூட்டையில கெட்டுன புளிச்சோறு அப்படியே இருக்கு. வேணும்னா வந்து தின்னச் சொல்லு."

அன்றைக்குத் தொடங்கியது இது. ஆணை வைத்தது ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்றுதான். மாட்டோடு பேசினால் அம்மன் கோபித்துக்கொள்ள இடமில்லை. ஐயம்பெருமாள் பிள்ளை ஒருநாள், "ரெண்டும் ஒண்ணுதானவே?" என்று சட்டம் பேசிப் பார்த்தார். சிவசண்முகம் பிள்ளை அசரவில்லை. "நான் மாட்டுகிட்ட பேசுதேன். அது அவ காதுல விழுந்தா, அவ காது செஞ்ச தப்பு," என்றார்.

செவலையும் அந்தப் பதவிக்குப் பொருத்தமாகத்தான் அமைந்தது. யார் பேசினாலும் அவர்கள் பக்கம் தலையைத் திருப்பிக் காதை ஆட்டும். பேச வருகிற இருவரும் வெறுங்கையோடு வராமல் ஒரு கை புல்லாவது கொண்டுவந்ததால் அதற்கு அந்தப் பழக்கம் வந்தது. நாளைக்கு நடவு, பத்துப் பேருக்குக் கஞ்சி வேண்டும் என்று ஒரு பக்கத்திலிருந்து சொன்னால், உப்பு இல்லை, முதலில் உப்பு வாங்கி வரச் சொல்லு என்று மறுபக்கத்திலிருந்து பதில் வரும். நடுவில் செவலை அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரே ஒரு சங்கடம். காலையில் மேய்ச்சலுக்குப் போன மாடு பொழுது சாய்ந்துதான் வரும். நடுப்பகலில் யாராவது வந்து பிள்ளையிடம் எதையாவது கேட்டு, வீட்டில் கலந்து சொல்லவேண்டிய விஷயமாக அது இருந்துவிட்டால், "மாடு வரட்டும்," என்பார். வந்தவர் காத்திருப்பார். பிறகு இந்தச் சொல் ஊரில் பரவியது. எதையாவது தள்ளிப்போட நினைத்தவர்களெல்லாம் 'மாடு வரட்டும்' என்று சொல்லத் தொடங்கினார்கள். வீட்டில் மாடே இல்லாதவர்கள்கூடச் சொன்னார்கள்.

வெளியூர் போனாலும் மாடு கூடப் போயிற்று. ஒருமுறை கல்லிடைக்குறிச்சியில் ஞானம்பாளின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கல்யாணம். மொய் விஷயம், தங்குவது, திரும்புவது என்று நூறு பேச்சு இருக்குமே என்று செவலையையும் ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார்கள். கல்யாண வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்லிச் சமாளித்தார்களோ தெரியாது. முகூர்த்த நேரத்தில் எல்லோரும் மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செவலை பந்தல் வாசலில் கட்டியிருந்த குலைவாழையில் ஒன்றை முக்கால்வாசி தின்றுவிட்டது. அந்தத் தம்பதிக்கு அடுத்தடுத்து ஏழு பிள்ளைகள் பிறந்தன. அது செவலை வாழையைக் கடித்த ராசி என்று கல்லிடைக்குறிச்சியில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

ரயிலில் மட்டும் பிள்ளை ஏறவேயில்லை. திருநெல்வேலிக்குப் போகவேண்டி வந்தால் மாட்டுவண்டிதான். கேட்டவர்களிடம், "என்னை விட்டுட்டுப் போன வண்டி அது. மரியாதை தெரியாத வண்டியில நான் எதுக்கு ஏறணும்?" என்றார். ஊர் இதையும் அவருடைய கிறுக்குக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அவருக்கு அது சௌகரியமாக இருந்தது. பயந்தாங்கொள்ளி என்ற பெயரைவிடக் கிறுக்கன் என்ற பெயர் மேல் என்று நினைத்தார்.

ஆனால் வருஷம் போகப் போக, ரயிலடியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் படுத்திருந்தார். ஞானம்பாள் செவலையைத் தொழுவிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து, அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே கட்டினாள். "செவலை, கஷாயம் கசக்கும், மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் குடிக்கச் சொல்லு. குளிக்கப்படாதுன்னு சொல்லு. ராத்திரி பூரா அனத்துனாரு, எனக்குப் பயமா இருக்குன்னும் சொல்லு," என்றாள். படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இவளையா எருமை என்று சொன்னேன் என்று நினைத்தார். நான்தான் பயந்து நடுங்கினேன், பழியை உன் தலையில் போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடவேண்டும். அதுதான் அவருக்கு அப்புறம் இருந்த ஒரே ஆசை.

சொல்வதற்கு வழிதான் இல்லை. தொழுவுக்கு வாய்க்கால் பக்கம் இடுப்பளவுச் சுவர்தான். குளிக்கப் போகிறவர்களும் குளித்து வருகிறவர்களும் அங்கே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஐயம்பெருமாள் பிள்ளைக்கு அது தினசரி கச்சேரி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலையோடு வந்து சுவரில் சாய்ந்துவிடுவார். உப்பு புளி விஷயம் யார் கேட்டால் என்ன? இதை எப்படி அத்தனை பேர் முன்னால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், கரையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார். கரையில் ஆள் இல்லாத நேரமென்று ஒன்று வரவேயில்லை.

செவலைக்கு வயதாகிவிட்டது. பல் தேய்ந்தது, பால் வற்றி வெகுகாலமாயிற்று. ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், மார்கழிப் பனியில் ஒருநாள் காலை அது படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தொழுவைக் கூட்டிச் சாணியள்ளுகிற இசக்கித்தாய் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, இது இனி தாங்காது," என்றாள்.

பிள்ளை பதறிப்போனார். செவலையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஞானம்பாள் மறுபக்கம் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இனி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. "ஏட்டி செவலை," என்று ஆரம்பித்தார். சுவருக்கு மேலே ஐயம்பெருமாளின் தலை தெரிந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு மூன்று தலைகள். மாடு சாகக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

"என்னவே, கஞ்சித்தண்ணி கொடுத்துப் பாத்தீரா?" என்றார் ஐயம்பெருமாள்.

பிள்ளை வாயை மூடிக்கொண்டார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார். கூட்டம் கலைவதற்குள் செவலை போய்விட்டது.

தோப்பில் குழிவெட்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த அமைதியை என்னவென்று சொல்ல. அவர் பசியோடு திரும்பி வந்தது அவளுக்குத் தெரியாது. அவள் தலைவலியோடு படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. ஐயம்பெருமாள்தான் இரக்கப்பட்டு, "வேற ஒரு மாட்டைப் பிடிச்சிட்டு வாருமேவே," என்றார். பிள்ளை கடையத்திலிருந்து ஒன்றை ஓட்டிவந்தார். இளங்கன்றுப் பசு, நல்ல லட்சணம். ஞானம்பாள் அதற்குத் தண்ணீர் வைத்தாள், புல் போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. "நேத்து வந்தவகிட்ட வீட்டு வெவகாரத்தை எப்படிப் பேச?" என்று இசக்கித்தாயிடம் சொன்னாள். அதைக் கேட்ட பிள்ளைக்கும் அது நியாயமாகவே பட்டது.

இசக்கித்தாயையே கேட்டுப் பார்த்தார். "நான் சொல்லுததை நீ உள்ள போயிச் சொல்லேன்," என்றார்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "ஐயா, அது வாயில்லா சீவன், ஒங்க வீட்டுச் சங்கதியை வயித்துக்குள்ளயே வச்சிக்கிட்டுப் போயிட்டு. எனக்கு வாய் இருக்கு. வீடு போயிச் சேருமுன்ன ஊருக்கே சொல்லிருவேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். அரைச் சோற்றில் எழுந்து, புதுமாட்டைப் பார்க்காமல், செவலை கட்டிக்கிடந்த இடத்தில் போய் நிற்பார். தினமும் தனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது மாட்டோடு பேசுகிற பேச்சு அல்ல, தன்னோடு பேசுகிற பேச்சுத்தான் என்பது அது நின்றபிறகுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

தை பிறந்த மறுவாரம் ஞானம்பாள், கணவர் முற்றத்தில் இருக்கும்போது, இசக்கித்தாயிடம் உரக்கச் சொன்னாள்: "பாவநாசத்துக்குப் போயி அம்மன் முன்னால மஞ்சள் இடிக்கணும். யாரு பேர்ல வச்ச ஆணையோ அவகிட்டதான எடுக்கணும். வெள்ளிக்கிழமை போகணும். வண்டி வேணும்." பிள்ளை மறுபேச்சில்லாமல் போய் வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். இசக்கித்தாயையும் சேர்த்து மூவரும் போனார்கள்.

உலகம்மை சன்னிதிக்கு முன்னால் உரல் ஒன்று உண்டு. நேர்ந்துகொண்ட பெண்கள் அதில் விரலி மஞ்சளை இடித்துக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமையாதலால் நல்ல கூட்டம். அம்பாசமுத்திரத்து முகங்களும் அதில் பல இருந்தன. இவர்களைக் கண்டதும் அவை நெருங்கி வந்தன. ஞானம்பாள் மஞ்சளைக் கொட்டி உலக்கையைப் பிடித்தாள். குருக்கள் வயதானவர், இசக்கித்தாய் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நாலு பேர் முன்னால வச்ச ஆணை, நாலு பேர் முன்னாலதான் எடுக்கணும்," என்றார் குருக்கள். "எதனால வந்த கோபம்னு அம்பாள் காதுல விழறாப்பல சொல்லிடுங்கோ. முதல்ல வச்சவா முதல்ல சொல்லணும்."

ஞானம்பாள் உலக்கையை நிறுத்தவில்லை. "எருமைன்னு சொன்னாங்க. ரோசப்பட்டு ஆணை வச்சிட்டேன்," என்றாள்.

"எதுக்காக அப்படிச் சொன்னார்?"

"ரயிலுக்குப் பிந்திட்டேன்."

"ஏம்மா பிந்தினேள்?"

 உலக்கை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குருக்கள் மறுபடியும் கேட்டார். உலக்கை இன்னும் வேகமாக விழுந்தது. கூட்டத்தில் யாரோ, "சிங்காரிக்கப் பிந்தியிருக்கும்," என்று முணுமுணுத்தார்கள், சிரிப்பு கேட்டது. அன்றைக்கு ரயிலடியில் கேட்ட அதே சிரிப்பு. ஞானம்பாளின் முகம் சிவந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இடித்தாள்.

சிவசண்முகம் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்து நின்றார்.

"தாயே, அவளைக் கேக்காத. என்னையக் கேளு. எனக்கு ரயிலைக் கண்டா பயம். அன்னைக்குக் காலையிலயிருந்து வயித்தால போச்சு. வண்டி என்னை விட்டுட்டுப் போனதும் நான் பொழைச்சேன்னு இருந்துது. அது வெளிய தெரியப்படாதுன்னு அவளைப் பிடிச்சி ஏசினேன். அவ பேர்ல ஒரு குத்தமும் இல்ல. இன்னைக்கும் எனக்கு அந்த வண்டியைக் கண்டா காலு நடுங்கும். ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும்."

ஊர் சிரிக்கத்தான் செய்தது, முதலில். பிறகு என்னவோ சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உலக்கைச் சத்தமும் நின்றிருந்தது. குருக்கள் இடித்த மஞ்சளைக் கரைத்து அம்மனுக்கு ஊற்றி, அந்தத் தண்ணீரை இருவர் கையிலும் விட்டார். "குடிச்சிடுங்கோ. இனிமே ஒண்ணுமில்லை," என்றார்.

இருவரும் ஆற்றுப் படிக்கு இறங்கினார்கள். இசக்கித்தாய் தெரிந்தே பின்தங்கிவிட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதை முதலில் பேசுவது என்று பிள்ளைக்குப் புரியவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது. ஞானம்பாள்தான் தண்ணீரில் காலை வைத்தபடி பேசினாள்.

"அதை எதுக்கு அத்தனை பேர் முன்னால சொன்னீங்க? நான் சொல்லாமதான வச்சிருந்தேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"வேட்டி கெட்டத் தெரியாம கை நடுங்கிக்கிட்டு நின்னீங்க. எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான தலையை அவுத்து அவுத்து முடிஞ்சேன். வண்டி போயிட்டா ஒங்களுக்கு மானம் போகாதுன்னு."

பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு கேட்டார்: "இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே, ஏளா. செவலைகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல?" என்றாள் ஞானம்பாள். "வாய்க்கால்கரை பூரா கேட்டுக்கிட்டுல்லா நின்னுது."